சித்தப்பா வாங்கிய ஜெனரேட்டர்

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் அதிகம் வேலை பார்த்தது நான்தான். அப்பா கம்பெனிக்குள் துணி வெட்டும் மேசைப் பக்கம் நிற்பார். சித்தப்பா பின்னால் ஜெனரேட்டர் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்வதை இவரிடமும் இவர் சொல்வதை அவரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைப்பதற்குள், "உங்க சித்தப்பங்கிட்டப் போய்ச் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லாம் அந்த ஜெனரேட்டரால் வந்தது. பல்லடம் ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் பனியன் கம்பெனி. கம்பெனி என்றவுடன் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான ஒரு ஹால், அதற்குள் வரிசையாகத் தையல் மெஷின்கள், ஒரு கட்டிங் மேசை, மூலையில் முருகன் படம். ஆண்கள் உள்ளே போடும் வெள்ளை பனியனைத் தைத்துக் காதர்பேட்டை வியாபாரிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வருடங்களில் கரண்ட் போவதுதான் ஒழுங்காக நடந்தது. கரண்ட் போனால் மெஷின்கள் நிற்கும், டைலர்கள் டீக்குக் கிளம்புவார்கள், அப்பா ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து செருப்பைத் தேய்ப்பார். இனி ஜெனரேட்டர் இல்லாமல் பிழைக்க முடியாது என்று ஆனபோது புதிதாக வாங்கிவிடலாம் என்றார் அப்பா. எதற்குப் புதிது, நல்ல பழையதாகப் பார்த்து நான் பிடித்து வருகிறேன், அது என் பொறுப்பு என்றார் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருந்தார். கம்பெனியில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவர்தான் பிரிப்பார், அவர்தான் பூட்டுவார். பூட்டிய பிறகு ஒன்றிரண்டு திருகாணி மிச்சம் இருக்கும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். என்னை மொபெட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். சொன்னதைப் போலவே மூடிப்போன ஒரு மில்லிலிருந்து ஒரு டீசல் ஜெனரேட்டரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி ஓட்டினோம். தெருவே அதிர்ந்தது. ஆனால் ஹாலில் எல்லா மெஷினும் ஓடியது. யாரோ ஒரு வியாபாரி வந்திருந்தபோது, "என்ற தம்பிதாங்க பாத்து வாங்கிட்டு வந்தான்" என்று அப்பா பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது.

பிறகு அது ஒழுக ஆரம்பித்தது. முதலில் சொட்டு. அப்புறம் சிமெண்டுத் தரையில் உள்ளங்கையளவு கறை. அப்புறம் கொட்டகை முழுக்கக் கருப்பாக ஒரு பிசுபிசுப்பு. டீசல் வாடை வீட்டுச் சோற்றில் வந்தது, என் யூனிபாரத்தில் வந்தது. வெள்ளை பனியன் தைக்கிற இடத்தில் எண்ணெய் என்பது வீட்டுக்குள் புகுந்த பாம்பு மாதிரி. கொட்டகைப் பக்கம் போன ஒரு செருப்பு போதும், ஹால் முழுவதும் கறையை நடத்திக்கொண்டு வந்துவிடும். அப்படித்தான் ஒருநாள் ஒரு கட்டு பனியன் பாழாகி, செக்கிங் செய்யும் அக்காமார் அதைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அப்பா வந்து பார்த்தார். டைலர்கள் எல்லோரும் இருக்கும்போதே சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"உன்னைய நம்பி ஒரு இரும்புத் துண்டு வாங்கக்கூடாதுடா. காதர்பேட்டைச் சரக்கு லாட் சனிக்கிழமை போகோணும். அதுக்குள்ள ஒழுகறது நிக்கலைன்னா அதைய எடைக்குப் போட்டுப்போடு. நீயும் வேற எடம் பாத்துக்கோ."

மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. கரண்ட் போகவில்லை, டைலர்கள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள். சித்தப்பா கையிலிருந்த வேஸ்ட் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கொட்டகைக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் என் தூது உத்தியோகம் தொடங்கியது.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பஞ்சும் டீசலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி இல்லாத இடம் ஏது? ஜன்னல் கம்பியில், ஃபேனில், முருகன் படத்து மாலையில்கூடப் பஞ்சு தொங்கும். ஒருநாளைக்கு இது எரியப்போகிறது என்று நான் முடிவே செய்திருந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம், "வேற எடம் பாத்துக்கோ" என்றாரே அதுதான். வேறு இடம் என்றால் எது? அங்கிருந்து தினமும் மொபெட்டில் வருவாரா? யாரிடமும் கேட்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குச் சூடு பிடித்துவிட்டது என்று தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். தூதைக் கொஞ்சம் கழுவித் துடைத்துக் கொண்டுபோனேன். "அந்தக் கழுதைய இன்னும் எத்தன நாளைக்கு நோண்டிட்டு இருப்பானாம்?" என்று அப்பா அனுப்பினால், "எப்ப முடியும்னு கேட்டாருங்க சித்தப்பா" என்று சொல்வேன். "ஸ்பேனர் புடிக்கத் தெரியாதவங்களுக்கு இதெல்லாம் புரியாதுன்னு சொல்லு" என்று சித்தப்பா அனுப்பினால், "கொஞ்சம் நேரமாகுமாமுங்கப்பா" என்று போய்ச் சேரும். இரண்டு பேரும் அவரவர் சொன்னதைவிட நல்லவர்களாக என் வாயில் இருந்தார்கள்.

ஒழுகுவது எங்கே என்று பார்க்கத்தான் முதலில் வழி தெரியவில்லை. டீசலும் ஆயிலும் கலந்து எஞ்சின் முழுக்க வழிந்திருந்தது. சித்தப்பா எஞ்சினைக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கீழே வெள்ளைக் கட்டிங் துண்டுகளைப் படுக்கை விரிப்பு மாதிரி பரப்பினார். ஊரில் எல்லோரும் நம்முடைய வேஸ்ட்டை வாங்கித்தான் வண்டி துடைக்கிறார்கள், நமக்கு அதற்கா பஞ்சம் என்பார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினார். நாங்கள் இரண்டு பேரும் மண்டியிட்டுத் துணியைப் பார்த்தோம். ஒரு பக்கம் விழுந்த சொட்டுகள் வெளிறிப்போய் அகலமாகப் பரவியிருந்தன. இன்னொரு பக்கம் விழுந்தவை கருப்பாக, பரவாமல், விழுந்த இடத்திலேயே கட்டியாக நின்றன.

"பரவறது டீசலு, நிக்கறது ஆயிலு. ரெண்டும் வேற வேற சீக்கு கண்ணு. மொதல்ல டீசலைப் பாத்துருவோம்" என்றார் சித்தப்பா.

அதற்கு என் மூக்கு உதவியது. பயந்து பயந்து மோந்து பார்த்தே எனக்கு டீசல் வாடை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வந்திருந்தது. டேங்கிலிருந்து டீசல் போகும் பைப் எஞ்சினில் சேரும் இடத்தைக் காட்டினேன். அங்கே கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த செம்பு வாஷர் நசுங்கித் தாளாகியிருந்தது. சித்தப்பா கடைக்குப் போய் வேறு வாஷர் வாங்கி வந்து முறுக்கினார். டீசல் நின்றது. "ஒண்ணு கண்டுபுடிச்சாச்சு, கத்தறதைய நிறுத்தச் சொல்லு" என்றார். முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஒண்ணா? மொத்தம் எத்தன ஓட்டையாம்?" என்றார் அப்பா.

"அப்பாவுக்குச் சந்தோசமுங்க சித்தப்பா" என்று வந்து சொன்னேன்.

ஆனால் ஆயில் நிற்கவில்லை. வியாழக்கிழமை ஆகிவிட்டது. சித்தப்பா மறுபடியும் எஞ்சினைத் துடைத்தார். இந்த முறை என்னிடம் பவுடர் டப்பா கேட்டார். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதை எஞ்சின் முழுக்கத் தூவினார். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டப்போவது போல அது வெள்ளையாக, மணமாக நின்றது. ஆயில் எங்கிருந்து கசிந்தாலும் பவுடரில் கருப்புக் கோடு விழும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஓட்டை தெரியும் என்றார். எஞ்சினை ஓட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஒரு கோடு இல்லை. இணைப்பு இருக்கும் இடமெல்லாம் கோடு விழுந்தது. மேல் மூடியில், பக்கவாட்டில், சக்கரத்துக்குப் பின்னால், ஆயில் அளவு பார்க்கும் கம்பி செருகியிருக்கும் துளையில்கூட. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லா இடத்திலும் ஓட்டை என்றால் இது எடைக்குத்தான் போகும், சித்தப்பாவும் போய்விடுவார். அவருக்கும் முகம் சுண்டிப்போயிற்று. காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திருகினார். அது அவர் கையை உதறிக்கொண்டு எகிறியது. உள்ளிருந்து புகை குக்கர் விசில் போடுவது போலச் சீறியது. சித்தப்பா அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ஏதோ தெளிந்தது.

"ஓட்டையில தப்பில்ல அம்முணி. உள்ள மூச்சு முட்டுது. அதான் கெடைச்ச சந்துல எல்லாம் ஆயில வெளிய தள்ளுது."

எஞ்சினுக்கு மூச்சு விடுவதற்கென்றே ஒரு சின்னக் குழாய் உண்டாம். அது சுவரை ஒட்டிய பக்கம் இருந்தது. அவர் கை போகும், தலை போகாது. கழுவும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைக் கையால் தடவித்தான் துடைத்திருந்தார். எஞ்சின் நின்று சூடு ஆறிய பிறகு நான் சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒருக்களித்துப் போனேன். ஒருவேளை இப்போதுதான் தீப்பிடிக்குமோ என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அங்கே ஒரு குழாயின் வாயில் கருப்பாக, கல் மாதிரி ஒரு உருண்டை இருந்தது.

"சித்தப்பா, குழாய்க்கு யாரோ துணி கட்டியிருக்காங்க."

பனியன் துணியை மடித்து மடித்து வாயில் வைத்து, மேலே நாடாவால் கட்டியிருந்தது. ஆயிலும் பஞ்சுத் தூசியும் ஏறி இறுகிப்போயிருந்தது. அறுக்கக் கத்தி தரட்டுமா என்று சித்தப்பா கேட்பதற்குள் நான் அவிழ்த்துவிட்டேன். கம்பெனியில் பனியன் கட்டுகளுக்கு அப்பா போடும் முடிச்சு அது. எவ்வளவு இறுகினாலும் ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும்; எந்த நுனி என்று தெரிந்திருக்க வேண்டும். டைலர்களுக்குத் தெரியாது, சித்தப்பாவுக்கே அது சரியாக வராது. எனக்கு அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார்.

துணியை வெளியே கொண்டுவந்து சித்தப்பாவின் கையில் கொடுத்தேன். "இது அப்பா முடிச்சுங்க" என்றேன்.

அவர் நாடாவைப் பார்த்தார். பிறகு திரும்பி, கொட்டகையின் இன்னொரு ஓரத்தில் ஹாலில் இடமில்லாமல் அடுக்கியிருந்த வெள்ளைத் துணி ரோல்களைப் பார்த்தார். அந்தக் குழாயிலிருந்து ஆயில் புகை லேசாக வந்துகொண்டே இருக்கும். அது ரோலில் படிந்துவிடக்கூடாது என்று அப்பா என்றைக்கோ வந்து, கையில் கிடைத்த துணியை வைத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். கறைக்குப் பயந்த கை, எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத கை. கட்டியதை அன்றைக்கே மறந்தும் போயிருப்பார்.

சித்தப்பா எஞ்சினைத் துடைத்து மறுபடியும் பவுடர் தூவி ஓட்டினார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அப்பாவிடம் ஓடிப்போய், ஒழுகியதற்குக் காரணமே நீங்கள்தான் என்று சொல்லிவிட வேண்டும், டைலர்கள் எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. இந்த ஒரு தூதைக் கழுவித் துடைக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சித்தப்பா என் பின்னலைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கே ஓடற? நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ. வாஷர் போயிருந்துச்சு. நாந்தான் மொதல்லயே சரியா முறுக்காம உட்டுட்டேன். இப்பச் சரியாயிருச்சு. இதைய மட்டும் சொல்லு."

"துணிங்க?"

"எந்தத் துணி?" என்றார். நாடாவோடு அதைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் திணித்தார். "ஒரு வார்த்த கூட்டக்கூடாது, கொறைக்கக்கூடாது. நீ இத்தன நாளா மாத்தி மாத்திச் சொன்னது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? முருகன் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. ஜெயித்தவர் எதற்குத் தோற்றதாகச் சொல்ல வேண்டும்? ஆனால் சத்தியம் சத்தியம்தான். அத்தனை நாளில் நான் ஒரு சொல்கூட மாற்றாமல் கொண்டுபோன தூது அந்தப் பொய் ஒன்றுதான்.

அப்பா பனியன்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ம்" என்றார். கட்டி முடித்து அடுத்ததை எடுத்தார். "வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் நக்கல் இருந்தது. தம்பி தப்பை ஒத்துக்கொண்ட தெம்பு.

"இல்லீங்கப்பா."

மறுநாள் கரண்ட் போனபோது ஜெனரேட்டர் ஓடியது. சொட்டுகூட விழவில்லை. மத்தியானம் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். சித்தப்பா அப்போது கடைக்குப் போயிருந்தார். நான் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எஞ்சினைச் சுற்றி வந்தார். சுவர்ப் பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. அந்தக் குழாயில் சித்தப்பா ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, சுவரில் துளை போட்டு, வெளியே ஒரு டப்பாவுக்குள் விட்டிருந்தார். இனிமேல் புகை ரோல்களில் படியாது. அப்பா எதற்காகத் துணி கட்டினாரோ அதற்கும் சேர்த்து வழி செய்திருந்தார்.

அன்றைக்கு அப்பா சாப்பிட வரவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "சித்தப்பா வேற ஒண்ணும் சொல்லலீங்களா கண்ணு?" என்று கேட்டார். இந்த முறை நக்கல் இல்லை. அவர் என்னை 'ங்க' போட்டுக் கேட்டது எனக்கே விநோதமாக இருந்தது. முருகனை நினைத்துக்கொண்டு, "இல்லீங்கப்பா" என்றேன்.

சனிக்கிழமை லாட் கிளம்பிப் போயிற்று. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆனால் தூது நின்றுபோய்விட்டது. பேச்சு தொடங்கியதால் நிற்கவில்லை. அப்பாவிடமிருந்து திட்டுகூட வரவில்லை, சித்தப்பாவிடமிருந்து குத்தல்கூட வரவில்லை. சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தால் அப்பா கைகழுவ எழுந்துவிடுவார். தம்பி ஹாலுக்குள் வந்தால் இவர் வியாபாரிக்குப் போன் பேசப் போய்விடுவார். அப்பாவால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் சித்தப்பா வீரபாண்டியில் ஒரு பெரிய கம்பெனியில் மெஷின் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டார். அம்மா அழுதாள். "ஒழுகறதுதான் நின்னுருச்சுல்லீங்கப்பா, அப்பறம் எதுக்குங்க சித்தப்பா போறாரு?" என்று நான் கத்தினேன். அப்பா ஹாலுக்குப் போய்விட்டார்.

பின்னாளில் கல்யாணம், காரியம் என்று இருவரும் ஒன்றாக நின்றார்கள். பேசிக்கொண்டார்கள். ஆனால் சித்தப்பா திரும்ப எங்கள் வீட்டில் வந்து இருக்கவில்லை.

அந்த வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைப் பலகாரத்தோடு வீரபாண்டிக்கு அனுப்புவாள். பக்கத்து வீட்டு அக்காவோடு பஸ்ஸில் போய் வருவேன். திரும்பி வரும்போது அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். சித்தப்பா ரூமில் ஃபேன் சத்தம் போடுகிறது, புளிச்சோறு ஆக்கியிருந்தார், சட்டைப் பையில் இன்னும் திருகாணி வைத்திருக்கிறார் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேற ஒண்ணும் சொல்லலையா?" என்பார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். என்னிடமிருந்து ரகசியத்தைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று நான் இன்னும் விறைத்துக்கொள்வேன். அவர் ஒரு திட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார் என்பது எனக்குத் தெரியாது. 'நீதானே அதைக் கட்டினாய், என்னையா எல்லோர் முன்னாலும் பேசினாய்' என்று தம்பி கேட்டுவிட்டதாக ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும், அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வீரபாண்டிக்குக் கிளம்பியிருப்பார். கேட்கப்படாத கேள்விக்குப் போய்ப் பதில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. நான் சத்தியத்தைக் காப்பாற்றும் பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இல்லீங்கப்பா, வேற ஒண்ணுமே சொல்லலீங்க" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.